தேய்ப்பதைக் கணினிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

லேத்தில் கடைந்து எடுத்த ஓர் எஃகுத் துண்டை உப்புத்தாளால் தேய்க்கிறீர்கள். பத்து நிமிடத்தில் பளபளப்பு வந்துவிடுமா, அரை மணி நேரம் ஆகுமா? அதற்குள் துண்டின் அளவு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்திருக்கும்? பட்டறையில் கேட்டால் "தேய்ச்சுப் பார்த்தாத்தான் தெரியும்" என்பார்கள். நியாயமான பதில்தான். துண்டு ஐம்பது ரூபாய் என்றால் அதுவே சரியான பதிலும்கூட, நாலைப் பாழாக்கி ஐந்தாவதில் கற்றுக்கொள்ளலாம். கையில் இருப்பது செயற்கை முழங்கால் மூட்டுக்குப் போகிற கோபால்ட்-குரோம் துண்டாகவோ, மாதக்கணக்கில் ஆறவைத்து எடுத்த தொலைநோக்கிக் கண்ணாடியாகவோ இருந்தால் அப்படித் தேய்த்துப் பார்க்க மனசு வராது. அதனால்தான் முதலில் கணினிக்குள் தேய்த்துப் பார்க்கிறார்கள். நிஜத்தில் செய்யாமல் கணக்கிலேயே செய்து பார்க்கும் இந்த வேலைக்குத்தான் சிமுலேஷன் என்று பெயர்.

கணினிக்குத் தேய்ப்பது என்றால் என்னவென்று தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் கொடுக்கிற விதியைக் கோடி முறை சலிக்காமல் போட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். எந்த விதியைக் கொடுப்பது, எதைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு ஓர் எண்ணுக்குள் மூடி வைப்பது என்பதில்தான் இந்தத் துறையின் மொத்தச் சண்டையும் நடக்கிறது. அந்த மூடி வைத்த எண்ணுக்குப் பெயர் கே. அது பிறகு வரும். இப்போதைக்குப் பத்து எண்களை வைத்துக் கையாலேயே ஒரு சிமுலேஷன் போட்டுப் பார்ப்போம்.

கைக்கு வழவழவென்று தெரிகிற எஃகும் பெருக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத்தான் கிடக்கும். வைர முனை வைத்த ஓர் ஊசியை அதன்மேல் நேர்கோட்டில் இழுத்து, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளப்பார்கள். சராசரி உயரத்திலிருந்து ஒவ்வோர் இடமும் எவ்வளவு விலகி நிற்கிறது என்று எடுத்து, மேலா கீழா என்று பார்க்காமல் அந்த விலகல்களுக்குச் சராசரி போட்டால் கிடைப்பதுதான் ஆர்.ஏ. டிராயிங்கில் 0.8 என்று ஃபினிஷ் குறித்திருந்தால் பெரும்பாலும் இந்த ஆர்.ஏ. 0.8 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது என்று பொருள். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று நினைவில் வைத்துக்கொண்டால் எவ்வளவு சின்ன விஷயத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று புரியும்.

சரி, பத்து இடங்களில் உயரம் அளந்தோம். மைக்ரானில் 5, 2, 8, 1, 6, 3, 9, 4, 7, 5. கூட்டினால் 50, சராசரி 5. விலகல்கள் 0, 3, 3, 4, 1, 2, 4, 1, 2, 0. இவற்றின் கூட்டுத்தொகை 20, எனவே ஆர்.ஏ. 2 மைக்ரான்.

இதன்மேல் தட்டையான ஒரு கட்டையை வைத்துத் தேய்க்கிறோம். இரண்டே விதிகள். கட்டை உயரமான இடங்களை மட்டும் தொடும், பள்ளத்துக்குள் இறங்காது. நாம் கொடுக்கும் விசை மாறாததால் ஒவ்வொரு சுற்றிலும் மொத்தமாக 6 அலகு சரக்கு கழன்று போகும். முதல் சுற்றில் 9, 8, 7 ஆகிய மூன்றும் 6க்கு இறங்குகின்றன, கழன்றது 3+2+1, சரியாக 6. மற்ற ஏழு இடங்களைக் கட்டை இன்னும் தொடவே இல்லை. இப்போது சராசரி 4.4, ஆர்.ஏ. 1.52. இரண்டாம் சுற்றில் மேடுகள் 4.67க்கு இறங்கும், ஆர்.ஏ. 1.08 ஆகும். அப்படியே போனால் அடுத்தடுத்த சுற்றுகளில் 0.72, 0.44, 0.20, 0.08. ஆறு சுற்றில் 2 மைக்ரான் சொரசொரப்பு 0.08க்கு வந்துவிட்டது. எக்செல்லில் இது கால் மணி நேர வேலை, போட்டுப் பாருங்கள்.

இனி மேட்டின் உச்சி ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்போம். முதல் சுற்றில் 3 மைக்ரான். இரண்டாவதில் 1.33, மூன்றாவதில் 0.95, ஆறாவதில் 0.68. விசை அதேதான், தேய்த்த கையும் அதேதான், ஆனால் வேலை மெதுவாகிக்கொண்டே போகிறது. முதல் சுற்றில் கட்டை மூன்று இடங்களில் மட்டும் உட்கார்ந்திருந்தது, ஆறாவதில் ஒன்பது இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. அதே விசை மூன்று மடங்கு இடத்தில் பரவினால் ஒவ்வோர் இடத்திலும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குதான். பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு இது பழகிய அனுபவம், முதலில் சட்டென்று இறங்கும், கடைசியில் இழுத்தடிக்கும். அந்த அனுபவத்தை நாம் விதியாக எழுதவில்லை. எழுதிய இரண்டு விதிகளிலிருந்து அது தானாக வந்து விழுந்தது. எனக்கு சிமுலேஷன்மேல் ஆசை வந்ததே இந்த இடத்தில்தான்.

செலவையும் பாருங்கள். சராசரி உயரம் 5இலிருந்து 1.4க்கு வந்துவிட்டது, அதாவது பளபளப்புக்காக 3.6 மைக்ரான் அளவை இழந்திருக்கிறோம். டிராயிங்கில் 5 மைக்ரான் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு) கொடுத்திருந்தால் இது சின்ன விஷயமில்லை.

கேவுக்கு வருவோம்

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்று சொல்வோம். பொறியியல் கண்ணோடு பார்த்தால் அதில் நேரம் என்ற ஒன்று மட்டும்தான் இருக்கிறது. எறும்பின் எடை, அது ஊரும் வேகம் இரண்டையும் பழமொழி கணக்கில் எடுக்கவில்லை. 1927இல் கண்ணாடித் தட்டுகளை மெருகேற்றுவதைப் பற்றி எழுதிய பிரஸ்டன் அந்த இரண்டையும் சேர்த்துவிட்டார். தேயும் ஆழம் என்பது அழுத்தம், வேகம், நேரம் மூன்றையும் பெருக்கி, அதோடு கே என்ற ஓர் எண்ணையும் பெருக்கினால் கிடைப்பது. அவ்வளவுதான் சமன்பாடு. நூறு வருடம் ஆகப்போகிறது, இன்றும் கண்ணாடி லென்ஸிலிருந்து கம்ப்யூட்டர் சிப் வரை மெருகேற்றும் வேலைக்கு எழுதும் சிமுலேஷன்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. (உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்வதற்கு 1953இல் ஆர்ச்சர்ட் கிட்டத்தட்ட இதே வடிவத்தில் ஒரு விதி கொடுத்தார், அதில் பொருளின் கடினத்தன்மை கீழே வகுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கடினமாக இருந்தால் குறைவாகத் தேயும், யோசித்தால் நியாயம்தான்.)

ஒரு கணக்கு போடுவோம். 10 கிலோபாஸ்கல் அழுத்தம், நொடிக்கு அரை மீட்டர் வேகம், 20 நிமிடம் தேய்த்துப் பார்த்ததில் 6 மைக்ரான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 0.3 மைக்ரான். இப்போது அழுத்தத்தை 15க்கும் வேகத்தை 0.8க்கும் ஏற்றினால்? அழுத்தம் 1.5 மடங்கு, வேகம் 1.6 மடங்கு, பெருக்கினால் 2.4 மடங்கு. நிமிடத்துக்கு 0.72 மைக்ரான். 9 மைக்ரான் எடுக்க வேண்டும் என்றால் 12.5 நிமிடம். ஒரு முறை தேய்த்துப் பார்த்து அடுத்த முறையைக் கணித்துவிட்டோம், இதுவும் சிமுலேஷன்தான்.

இதில் கேயின் மதிப்பை நான் எங்கும் எழுதவில்லை, ஆனால் அது உள்ளே இருக்கிறது. முதல் சோதனையின் 0.3 மைக்ரானுக்குள் ஒளிந்திருக்கிறது. துகளின் அளவு, துகள் எவ்வளவு கூராக இருக்கிறது, துண்டு எந்த உலோகம், நடுவில் தண்ணீரா எண்ணெயா, கீழே விரித்த துணி புதியதா தேய்ந்ததா, எல்லாமே அந்த ஒற்றை எண்ணுக்குள். இவற்றில் எது மாறினாலும் கே மாறிவிடும், பிறகு 12.5 நிமிடம் என்ற கணக்கு செல்லாது. அழுத்தத்தையும் வேகத்தையும் கண்டபடி ஏற்றினாலும் செல்லாது. மழை நாளில் வேகமாகப் போகிற வண்டியின் டயர் ரோட்டைத் தொடாமல் தண்ணீர்ப் படலத்தின்மேல் மிதக்குமே, அதேபோல வேகம் கூடக்கூடக் கருவியும் திரவத்தின்மேல் மிதக்க ஆரம்பித்துவிடும். அப்போது வேகத்தை ஏற்ற ஏற்றத் தேய்வது குறையும்.

இத்தனை குறையோடும் இந்த எளிய விதி பெரிய வேலைகளைச் செய்திருக்கிறது. தொலைநோக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைவிட மிகச் சின்ன ஒரு மெருகுத் தட்டு அதன்மேல் ஊர்ந்துகொண்டே போகும். எங்கே மேடு அதிகமோ அங்கே அதிக நேரம் நிற்க வேண்டும், துணியில் சுருக்கம் இருக்கும் இடத்தில் இஸ்திரிப் பெட்டி கூடுதலாக ஒரு நொடி நிற்பதுபோல. தட்டு ஓரிடத்தில் ஒரு நொடி நின்றால் எந்த வடிவத்தில் எவ்வளவு பள்ளம் விழும் என்று முதலில் அளந்துகொள்வார்கள். எங்கெங்கே எவ்வளவு எடுக்க வேண்டும் என்ற வரைபடம் கையில் இருக்கிறது. அப்படியானால் தட்டு எங்கெங்கே எத்தனை நொடி நிற்க வேண்டும்? இது தலைகீழ்க் கணக்கு. விடையிலிருந்து கேள்விக்குப் போகிற வேலை. கணினி சில இடங்களில் "கழித்தல் மூன்று நொடி நில்" என்றுகூட விடை சொல்லும், அதாவது அங்கே சரக்கை ஒட்டச் சொல்கிறது. தேய்த்ததை ஒட்ட முடியாதே. அதனால் எல்லா இடத்திலும் கொஞ்சம் கூடுதலாக எடுப்பதாக வைத்துக்கொண்டு கணக்கை மறுபடி போட வேண்டும். தட்டின் அகலத்தைவிடச் சின்னதாக இருக்கும் மேடுகளை எத்தனை கணக்கு போட்டாலும் எடுக்க முடியாது, கடப்பாறையால் பல் குத்துகிற கதைதான். விளிம்புக்கு வரும்போது தட்டின் ஒரு பகுதி வெளியே தொங்கும், தொடும் பரப்பு குறைந்து அழுத்தம் ஏறி விளிம்பு சரிந்துவிடும். நம் பத்து எண் கணக்கில் பார்த்த அதே விஷயம், வேறு இடத்தில்.

இப்படிக் கணினி வழிநடத்த மெருகேற்றியதுதான் ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி. தேய்த்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அளக்கும் கருவி சரி என்று காட்டிய வடிவத்தை அச்சு அசலாகக் கொண்டுவந்தார்கள். கருவி காட்டியதே தப்பு. அந்தக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி இருந்திருக்கிறது, அதனால் கண்ணாடியின் விளிம்பு 2.2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாகிவிட்டது. தலைமுடியில் முப்பதில் ஒரு பங்கு. 1990இல் விண்வெளிக்குப் போய்ப் படம் மங்கலாக வந்த பிறகுதான் தெரிந்தது, 1993 டிசம்பரில் வீரர்கள் போய் சரிசெய்தார்கள். என்னை உறுத்துவது வேறொன்று. வேறொரு சோதனைக் கருவி இந்தப் பிழையை முன்பே காட்டியிருக்கிறது, அது அவ்வளவு துல்லியமான கருவி இல்லை என்று அதன் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. (கிட்டத்தட்ட இதே அளவு, 2.34 மீட்டர் கண்ணாடி ஜவ்வாது மலையில் காவலூரிலும் இருக்கிறது. பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திலேயே தேய்த்து மெருகேற்றியது. 1986இலிருந்து வேலை செய்கிறது.)

மூடியைத் திறந்தால்

பிரஸ்டனுக்குப் பிறகு வந்த முறைகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் அந்தக் கேயின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கும் முயற்சிகள் என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். உள்ளே முதலில் தென்படுவது துகள்.

உப்புத்தாளின் பின்னால் பி120, பி400 என்று எண் போட்டிருக்கும். எண் கூடக்கூடத் துகள் சின்னது. பி120 என்றால் சராசரியாக 125 மைக்ரான், பி400 என்றால் 35, பி1000 என்றால் சுமார் 18. கிரைண்டிங் வீலிலும் இதே மாதிரி ஆயிரக்கணக்கான துகள்கள் பிசினிலோ மண்பாண்டம் மாதிரிச் சுட்ட பிணைப்பிலோ ஒட்டிக்கொண்டிருக்கும், ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று கூராக, ஒன்று மொட்டையாக. வீலின் விளிம்பு நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போவது சாதாரணம், மணிக்கு 108 கிலோமீட்டர்.

இதைக் கணினிக்குள் கொண்டுவர மேற்பரப்பைப் புள்ளிக் கோலம் மாதிரி வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் எண், அந்த இடத்தின் உயரம். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு மைக்ரான் இடைவெளியில் புள்ளி வைத்தால் பத்து லட்சம் புள்ளிகள். வீலின் ஒவ்வொரு துகளும் எந்தப் பாதையில் வரும் என்பது வீல் சுற்றும் வேகத்தையும் டேபிள் நகரும் வேகத்தையும் வைத்துத் தெரியும். துகள் ஒரு புள்ளியைக் கடக்கும்போது துகளின் நுனி புள்ளியைவிடக் கீழே இருந்தால் புள்ளியின் உயரம் துகளின் உயரமாக மாறும், மேலே இருந்தால் ஒன்றும் ஆகாது. நம் பத்து எண் கணக்கின் அண்ணன், அவ்வளவுதான். கடைசியில் பத்து லட்சம் புள்ளிக்கும் ஆர்.ஏ. எடுத்தால் கிரைண்டிங் முடிந்த பரப்பு எப்படி இருக்கும் என்று ஓர் ஊகம் கிடைக்கும்.

ஆனால் துகள் எப்போதும் வெட்டுவதில்லை. லேசாகப் பட்டால் வெறுமனே உரசிவிட்டுப் போகும், சூடு மட்டும்தான் மிச்சம். கொஞ்சம் ஆழமாகப் பட்டால் ஏர் உழுவதுபோல நடுவில் சால் விழுந்து உலோகம் இரு பக்கமும் வரப்பாக ஒதுங்கும், ஒரு துளிகூடக் கழன்று போகாது. இன்னும் ஆழம் போனால்தான் சீவல் வரும். எல்லாத் துகளும் சுத்தமாக வெட்டுகிறது என்று எழுதிய சிமுலேஷன் நிஜத்தைவிட அதிகமாகச் சரக்கு எடுத்துக் காட்டும், பரப்பையும் நிஜத்தைவிட வழவழப்பாகக் காட்டும். சரி, வரப்பாக ஒதுங்குவது எத்தனை பங்கு, கழன்று போவது எத்தனை பங்கு என்று ஓர் எண் சேர்க்கலாம். அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது? ஒரே ஒரு துகளை வைத்துக் கீறிப்பார்த்து அளக்க வேண்டும். பெரிய கேயைத் திறந்தால் உள்ளே சின்ன கே.

அப்புறம், துகளும் தேயும். மசாலா அரைக்க அரைக்க அம்மி வழுக்கையாகிவிடும், தெருவில் அம்மி கொத்துகிறவர் குரல் கேட்டால் கூப்பிட்டு உளியால் கொத்தி மறுபடி சொரசொரப்பாக்கிக்கொள்வார்கள். கிரைண்டிங் வீலுக்கும் அதே கதிதான். துகள் மொட்டையாகி, இடுக்கில் சீவல் அடைந்து வீல் பளபளத்தால் வைர முனையை வைத்து டிரெஸ்ஸிங் போட வேண்டும். டிரெஸ்ஸிங் போட்டவுடன் இருக்கிற வீலும் இருநூறு ஜாபுக்கு (தேய்க்க வரும் துண்டுக்கு) பிறகு இருக்கிற வீலும் கணக்குக்கு வேறு வேறு வீல்கள். நான் பார்த்த பல சிமுலேஷன்களில் வீல் என்றும் பதினாறாகவே இருக்கிறது.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். கிரைண்டிங்கில் செலவாகும் ஆற்றல் அநேகமாக முழுவதும் சூடாகத்தான் முடிகிறது, அதில் பெரும் பங்கு துண்டுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. நகர்ந்துகொண்டே போகும் ஓர் அடுப்பு மாதிரி அதைக் கணக்கிடும் முறையை 1942இல் ஜேகர் கொடுத்தார். துண்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம் எப்படி ஏறுகிறது என்று பார்க்கும் மென்பொருள்கள் இன்று அதன்மேல்தான் நிற்கின்றன. எங்கே துண்டு கருகும் என்று சொல்ல இது போதும்.

துகள் எதிலும் ஒட்டாமல் உதிரியாக இருந்தால் கதை மாறுகிறது. வைப்ரேட்டரி ஃபினிஷிங் பார்த்திருப்பீர்கள். பெரிய தொட்டியில் முக்கோணமும் உருளையுமாகச் செராமிக் கற்கள், அதற்குள் ஜாபைப் போட்டுச் சோப்பு நீர் விட்டுத் தொட்டியை அதிர வைத்தால் கற்கள் புரண்டு புரண்டு ஜாபின் பிசிறைத் தேய்த்து எடுக்கும். இங்கே ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகப் பின்தொடர வேண்டும். அதற்கு வழி மண்ணைப் பற்றி ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது. 1979இல் கண்டாலும் ஸ்ட்ராக்கும் எழுதிய முறை, தனித் துகள் முறை என்று சொல்லலாம். இரண்டு கற்கள் தொட்டால் நடுவில் ஒரு சுருள்வில் இருப்பதாக வைத்துக்கொள், எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு திருப்பித் தள்ளும். அந்த விசையை வைத்து ஒவ்வொரு கல்லும் அடுத்த நொடித்துளியில் எங்கே இருக்கும் என்று கணக்கிடு. மறுபடி யார் யாரைத் தொடுகிறார்கள் என்று பார். மறுபடி கணக்கிடு.

அந்த "அடுத்த நொடித்துளி" எவ்வளவு என்பதில்தான் வலி. மைக்ரோநொடி அளவில் இருக்க வேண்டும், அதாவது தொட்டி ஒரு நொடி அதிர்வதைப் பார்க்கப் பத்து லட்சம் அடி எடுத்து வைக்க வேண்டும். தொட்டியில் ஒரு லட்சம் கல், ஒவ்வொன்றும் ஆறு பேரைத் தொடுகிறது என்றால் மொத்தம் மூன்று லட்சம் தொடுகைகள். பெருக்கினால் ஒரு நொடிக்கு முப்பதாயிரம் கோடிக் கணக்குகள். ஜாப் தொட்டிக்குள் இருக்கப்போவதோ இரண்டு மணி நேரம்!

நான் முதல்முதலாக இதை ஓட்டியபோது சீக்கிரம் முடியட்டும் என்று நொடித்துளியை இருபது மடங்கு பெரிதாக வைத்தேன். ராத்திரி ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் தொட்டியில் கல்லே இல்லை. வீடியோவை நிதானமாக ஓட்டிப் பார்த்தேன். இரண்டு கற்கள் ஒரே அடியில் ஒன்றுக்குள் ஒன்று பாதிவரை புகுந்துவிட்டன, சுருள்வில் அவ்வளவு அமுங்கியதும் பயங்கரமாகத் திருப்பித் தள்ளியது, அவை பறந்து போய் மற்றவற்றில் புகுந்தன, சோளப்பொரி மாதிரி மொத்தத் தொட்டியும் வெடித்துக் காலி. மென்பொருள் ஒரு பிழைச் செய்தியும் கொடுக்கவில்லை. கணக்கு அதற்குச் சரிதான்.

இதற்கு எல்லோரும் செய்யும் ஒரு தில்லுமுல்லு உண்டு. கல்லின் விறைப்பை நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் நொடித்துளியைப் பத்து மடங்கு பெரிதாக்கலாம். கல் ரப்பர் மாதிரி ஆகிவிடுமே என்றால், ஆகும்தான், ஆனால் கற்கள் எப்படிப் புரள்கின்றன என்பது அதனால் பெரிதாக மாறாது என்பதால் பொறுத்துக்கொள்கிறார்கள். பிறகு பத்து நொடி மட்டும் ஓட்டி, ஜாபின் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு விசையோடு எவ்வளவு தூரம் உரசியது என்று சேர்த்துவைத்து, ஆர்ச்சர்ட் விதியில் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு நீட்டிக்கொள்வார்கள். கிடைக்கும் மைக்ரான் எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எந்த மூலைக்குக் கல் போகவே இல்லை, எந்த ஓட்டையில் கல் சிக்கிக்கொள்கிறது என்பதை நம்புவேன். கல்லின் அளவை மாற்றலாமா என்று முடிவெடுக்க அது போதும், ஓட்டைக்குள் அடைந்த கல்லைச் சுத்தியலும் ஆணியும் வைத்துத் தட்டி எடுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இன்னும் உள்ளே போனால் அணு. ஒவ்வோர் அணுவையும் பின்தொடரும் சிமுலேஷன் இருக்கிறது, சிலிக்கானை வைரம் கீறும்போது படிகம் எப்படிக் குலைகிறது என்பதை எல்லாம் அழகாகக் காட்டும். ஆனால் 50 நானோமீட்டர் பக்கமுள்ள ஒரு சிலிக்கான் கட்டியிலேயே அறுபது லட்சத்துக்கு மேல் அணுக்கள். நொடித்துளி ஒரு ஃபெம்டோநொடி, பத்து லட்சம் அடி எடுத்து வைத்தாலும் ஒரு நானோநொடிதான், அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நகர்ந்திருக்கும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெருகேற்றினால் அந்த நேரத்தில் துகள் போயிருக்கும் தூரம் ஒரு நானோமீட்டர். அதனால் வேகத்தை நூறு மடங்கு ஏற்றி ஓட்டுகிறார்கள். அந்த வேகத்தில் நடப்பதும் நிஜத்தில் நடப்பதும் ஒன்றா என்ற கேள்வியோடுதான் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும்.

புளியும் செங்கல் பொடியும்

கேயின் உள்ளே இருக்கும் இன்னொருவர் வேதியியல். அவரை நம் வீட்டிலேயே பார்க்கலாம். களிம்பு ஏறிய பித்தளைக் குத்துவிளக்கை வெறும் செங்கல் பொடியால் தேய்த்தால் கை வலிக்கும், கீறலும் விழும். வெறும் புளியைப் பூசி வைத்தால் நிறம் மாறும், அழுக்கு அப்பிக்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்துத் தேய்த்தால் புளியின் அமிலம் களிம்பை இளக்கிக் கொடுக்க, பொடி அதை வழித்துக்கொண்டு போகும். கம்ப்யூட்டர் சிப் செய்யும் ஆலைகளில் சிலிக்கான் வேஃபரை (சிப்புகளைச் செய்யும் மெல்லிய வட்டத் தகட்டை) சமப்படுத்துவது இதே உத்திதான். அடுக்கடுக்காகச் செம்புக் கம்பி பதிக்கும்போது ஒவ்வோர் அடுக்கும் தட்டையாக இருந்தால்தான் அடுத்த அடுக்கை வரைய முடியும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு மாதிரி ஒன்று செம்பின் மேல்தோலை இளக்கும், நுண்ணிய சிலிக்கா அல்லது அலுமினாத் துகள் அதை வழிக்கும்.

இங்கே சிமுலேஷன் வேலைக்கு உதவுவதோடு நிற்கவில்லை, வரைபடத்தையே மாற்றிவிட்டது. செம்பு நெருக்கமாக இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒரே வேகத்தில் தேயாது, செம்பு கிண்ணம் மாதிரிக் குழிந்துவிடும். எங்கே எவ்வளவு குழியும் என்று பிரஸ்டன் சமன்பாட்டை வைத்தே கணக்கிட்டுப் பார்த்து, காலியாக இருக்கும் இடங்களில் எதோடும் இணையாத வெற்றுச் செம்புத் துண்டுகளை நிரப்பி அடர்த்தியைச் சமப்படுத்துகிறார்கள். உங்கள் கையில் இருக்கும் போனின் சிப்பிலும் மின்சாரமே பாயாத உலோகத் துண்டுகள் ஏராளமாக இருக்கும், சரியாகத் தேய வேண்டும் என்பதற்காக மட்டும்.

புதிதாக இதற்குள் வருகிறவர்கள் "சிமுலேஷனும் சோதனையும் பொருந்துகின்றன" என்று இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டு போகும் படத்தைப் பார்த்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: கேயை எங்கிருந்து எடுத்தார்கள்? அதே சோதனையிலிருந்து எடுத்திருந்தால் பொருந்தாமல் எப்படி இருக்கும்! நாமும் அதைத்தானே செய்தோம், 6 மைக்ரான் என்று அளந்து கேயை எடுத்தோம். அந்தக் கே சரியா என்பது 15 கிலோபாஸ்கலில் தேய்த்துப் பார்த்து 12.5 நிமிடம் வருகிறதா என்று அளந்தால்தான் தெரியும். இந்தத் தப்பை நானும் செய்து, கூட்டத்தில் பெருமையாகக் காட்டி, கடைசி வரிசையில் இருந்த ஒருவர் இதே கேள்வியைக் கேட்டபோது தண்ணீர் குடித்திருக்கிறேன்.

செய்து பார்க்க ஆசை இருந்தால் லாம்ப்ஸ் (LAMMPS), லிக்ஸ் (LIGGGHTS) மாதிரி இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, முன்னது அணுக்களுக்கு, பின்னது கற்களுக்கு. ஆனால் முதல் நாளே அங்கே போகாதீர்கள். அந்தப் பத்து எண்ணை மறுபடி எடுங்கள். ஏழாவது சுற்று போட்டால் எல்லாம் 0.8க்கு வந்து ஆர்.ஏ. சுத்தமாகப் பூஜ்யம் ஆகிவிடும். எந்தப் பட்டறையிலும் நடக்காத அதிசயம், ஏனென்றால் நம் கட்டைக்குத் துகளே இல்லை, தாள் தானே போடும் கீறலை நாம் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு விதி கூடுதலாகச் சேருங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கட்டை தொட்ட ஒவ்வோர் இடத்திலும் பூஜ்யத்திலிருந்து ஒரு மைக்ரானுக்குள் ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கழித்துவிடுங்கள். அதுதான் துகளின் கீறல். இப்போது இருபது சுற்று ஓட்டினால் ஆர்.ஏ. முதலில் சரசரவென்று இறங்கும், பிறகு ஓரிடத்தில் வந்து மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே நிற்கும். எத்தனை சுற்று போட்டாலும் அதற்குக் கீழே போகாது, சராசரி உயரம் மட்டும் வீணாகக் குறைந்துகொண்டே இருக்கும். பி120 தாளைக் கீழே வைத்துவிட்டு பி220ஐக் கையில் எடுக்க வேண்டிய இடம் அது. கீறலின் ஆழத்தைப் பாதியாக்கி அங்கிருந்து தொடருங்கள்.